மூன்றாம் ஓலை

சாலேம்விளை,
12 ஜூலை 2025.

கர்த்தருக்குள் அன்பான சாரம்மாள் அக்காவுக்கு, தம்பி பெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் எமிமாளும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எஸ்டேட்டுக்கு செல்போன் டவர் வருகிறது, வருகிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லுகிறார்கள். அது வருவதற்குள் எனக்குக் கையெழுத்தாவது திருந்திவிடும்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சபைக்கு வருகிற வாழைக்காரர்கள் முகத்திலேயே அது தெரிகிறது.

இந்த ஊருக்கு உபதேசியாராக வந்து இரண்டு வருஷம் முடிந்தது. குருவானவர் ஐயாவுக்கு ஆறு ஊர். மாதம் ஒரு ஞாயிறு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் மணி அடிப்பது முதல் பிரசங்கம் வரை நான்தான். ஆனாலும் இதுவரை ஒரு கல்யாண ஓலை வாசித்ததில்லை. இப்போது வந்திருக்கிறது. மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்கிற காரியந்தானே, இதற்கா பயம் என்று சிரிப்பீர்கள். பயந்தான்.

பெண், ஆற்றங்கரைத் தெரு தங்கபுஷ்பத்தின் ஒரே மகள் ஜெரூஷா. தங்கபுஷ்பத்துக்குப் புருஷன் இல்லை. வயிற்றில் கட்டி, கிறிஸ்மஸைத் தாண்டாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கண் மூடுவதற்குள் மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கத் துடிக்கிறாள். மாப்பிள்ளை டைட்டஸ், சபைச் செயலாளர் வேதமுத்து அண்ணாச்சியின் மகன். மும்பையில் கடை வைத்திருக்கிறான், தங்கமான பையன். சபை எங்களுக்குக் கொடுத்திருக்கிற வீட்டின் கூரை ஒழுகியபோது ஆள் விட்டு ஓடு மாற்றிக் கொடுத்தவர் இந்த அண்ணாச்சிதான். ஞானஸ்நான ரெஜிஸ்டரைப் பார்த்து வயதுச் சான்று எழுதி ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பா உபதேசியாராக இருந்த நாளில் ஓலையை எப்படி வாசிப்பார்கள்? உங்கள் ஓலையையும் அப்பாவே வாசித்தார்களாமே. சொந்த மகள் பெயர் என்று குரல் பிசகாமல் வாசித்தார்கள் என்று அம்மா சாகும்வரை பெருமை பேசினார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்,
பெர்லின்.

*

மேல் எஸ்டேட்,
26 ஜூலை 2025.

பிரியமான தம்பி பெர்லினுக்கு, அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சுகம். முழங்கால் மழைக்கு முனகும், வெயிலுக்கு மறந்துவிடும். இங்கே இப்போது மழைதான். அட்டை கடித்துக் கடித்து, என் உடம்பில் ரத்தம் இருக்கிறதா என்று அதுகளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

தேயிலை பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் இந்த வருஷம் ஒன்பது பேர் என் பொறுப்பில். அதில் ஒருத்தி நான் உட்கார்ந்தால் மடி, எழும்பினால் இடுப்பு. எமிமாளுக்கு ஏலக்காய் கொடுத்துவிட்டிருக்கிறேன். எஸ்டேட் பஸ் கண்டக்டர் தம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பார்சல் போடுவான். நீ பாயசம் வைத்துத் தின்று இன்னும் வயிற்றை வளர்க்காதே. போன தடவை அனுப்பிய போட்டோவில் அங்கியின் பொத்தான் அழுகிறது.

ஓலை பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?

அன்புடன்,
சாரம்மாள்.

*

சாலேம்விளை,
12 ஆகஸ்ட் 2025.

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம். இங்கே எல்லாருக்கும் உடம்புக்குச் சுகம். என் மனசுக்குத்தான் சுகமில்லை.

வயது கேட்டீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று, பத்தொன்பது என்று கார்டில் எழுதி வைத்துவிட்டு, தபாலில் சேர்க்க மறந்துபோனேன். மறந்ததும் நல்லதுக்குத்தான். அது பொய்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி முதல் ஓலை வாசித்தேன். மறு செவ்வாய் வாலிபர் சங்கத்தோடு கல்லறைத் தோட்டத்தில் களை பறித்தோம். தங்கபுஷ்பத்தின் புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் முழ உயரத்தில் ஒரு சிமெண்டுச் சிலுவை. அதில் ஜெரூஷா என்று இருக்கிறது. 2006-இல் பிறந்து எட்டு மாதத்தில் இறந்த குழந்தை. கோவிலுக்கு ஓடி அடக்க ரெஜிஸ்டரைப் பார்த்தேன். மூத்த பிள்ளை போனதும், இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவளுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். இது நம் பக்கத்தில் உள்ள வழக்கந்தானே. நான் ஞானஸ்நான ரெஜிஸ்டரில் முதலில் கண்ணில் பட்ட ஜெரூஷாவை எடுத்து, வயது பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கம் புரட்டியிருந்தால் இரண்டாவது ஜெரூஷா இருந்திருப்பாள். அவளுக்கு இந்த மாதக் கடைசியில்தான் பதினேழு நிறைகிறது. பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூட உடுப்பில் பஸ் ஏறுகிறதை நானே பார்த்திருக்கிறேன். அப்போதும் உறைக்கவில்லை.

தங்கபுஷ்பத்திடம் போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“நீங்க மூத்தவ வயச எழுதுனது தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன் உபதேசியாரே. அவ செத்தும் தங்கச்சிக்கு ஒதவட்டும்னு நெனச்சேன். நான் கண்ண மூடிட்டா இவளுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?”

வாசலில் நின்ற ஜெரூஷாவிடம், “உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டேன். “அம்மாவுக்குச் சம்மதம் சார்” என்றாள்.

அக்கா, இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லுகிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நேற்று முன்தினம் இரண்டாம் ஓலையை வாசித்தேன். வாசிக்க மாட்டேன் என்று வீட்டிலிருந்து புறப்பட்டேன். முன்வரிசையில் தங்கபுஷ்பத்தைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக வாசித்துவிட்டது.

மூன்றாவது, வருகிற ஞாயிறு. நான் என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

பெர்லின்.

*

சாலேம்விளை,
14 ஆகஸ்ட் 2025.

அக்காவுக்கு, சுகம் விசாரித்து எழுத நேரமில்லை. விக்கிரமசிங்கபுரம் போய், இதைக் கண்டக்டர் கையிலேயே கொடுத்து அனுப்பப் போகிறேன். நாளை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

குருவானவர் ஐயாவைப் போய்ப் பார்த்து எல்லாம் சொன்னேன். நல்ல மனுஷர். கண் கலங்கினார். “சாகக் கெடக்குற பொம்பள. ஒரு வருஷந்தான கொறையுது. ஒமக்கும் பிள்ளையள் இருக்கு, பாத்துக்கிடும்” என்றார். வாசி என்றும் சொல்லவில்லை, வாசிக்காதே என்றும் சொல்லவில்லை. எமிமாள் மட்டும், “வீடு போனா போவட்டும், நீங்க ஒங்களுக்குத் தோணுறதச் செய்யுங்க” என்றாள். எனக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான் எனக்கே தெரியவில்லை.

ஒரு வரி எழுதினால் போதும். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

பெர்லின்.

*

சாலேம்விளை,
19 ஆகஸ்ட் 2025.

அன்பான அக்காவுக்கு, ஸ்தோத்திரம். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு கடிதத்துக்கும் பதில் வராததால் கண்டக்டரைப் போனில் கேட்டேன். கையிலேயே கொடுத்ததாகவும், நீங்கள் நன்றாக இருப்பதாகவும் சொன்னான். கோபமா என்று தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் யார்?

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. இரண்டு பெயரையும் வாசித்தேன். இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்றேன். அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டு, அடுத்து பாட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். நின்றேன். ஒருவரும் எழும்பவில்லை. கோவிலில் பாதிப் பேருக்கு அவள் வயது தெரியும் அக்கா. அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளே மூன்று பேர் பாடகர் வரிசையில் நிற்கிறார்கள்.

தடை சொல்லுகிறவர் சபைக்குள் எழும்பி நின்று சொல்ல வேண்டும் என்பது முறை. வாசிக்கிற இடத்தில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓலையை அங்கேயே வைத்துவிட்டு, படியிறங்கி, ஆண்கள் பக்கம் நடுவில் வந்து நின்றேன். என்னமோ தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

“தடை இருக்கு. சொல்லுதவன் நாந்தான்” என்றேன்.

வேதமுத்து அண்ணாச்சி எழும்பிவிட்டார். “உபதேசியாரே, வாசிக்கத்தான் உம்ம அங்கன நிறுத்திருக்கு. எறங்கி வந்து என்ன வே பேசுதீரு?”

“அண்ணாச்சி, பிள்ளைக்குப் பதினாறு வயசு. பத்தொம்பதுன்னு கையெழுத்துப் போட்டது நான். மொதல்ல கவனக் கொறவு. போன வாரம் தெரிஞ்சே வாசிச்சேன். அது பாவம். சபையார் முன்னால ஒத்துக்கிடுதேன்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெய்யாகவே அவருக்கு வயது தெரியாது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. தங்கபுஷ்பம்தான் இருந்த இடத்திலேயே கையை நீட்டி, “என் பிள்ளைய நடுத்தெருவுல விட்டுட்டீரே, நீரு நல்லா இருப்பீரா?” என்று கேட்டாள். மற்றவர்கள் திட்டியதெல்லாம் காற்றில் போய்விட்டது. இது போகவில்லை.

கோவிலில் கல்யாணம் நின்றது. ஆனால் அண்ணாச்சி வீட்டார் விலகியதும், தங்கபுஷ்பத்தின் உறவுக்காரர்கள் வேறு மாப்பிள்ளை பிடித்து, தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஒரு ஜெபவீட்டில் செப்டம்பர் நான்காம் தேதியே நடத்திவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் அதிகாரிகள் வந்து நிறுத்திவிடுவார்கள். போட்டால் சாகக் கிடக்கிறவள்மேல் வழக்கு. அவள் வீட்டுக்கே போய், “முப்பதாம் தேதிக்குள்ள நீங்களா நிறுத்துங்க, இல்லன்னா நானே போன் போடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அவளாக மனம் மாறினால் ஒழிய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எமிமாள் சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். முகம் மட்டும் சிரித்தபடி இருக்கிறது.

உங்கள் தம்பி,
பெர்லின்.

*

மேல் எஸ்டேட்,
23 ஆகஸ்ட் 2025.

என் தம்பி பெர்லினுக்கு, அக்கா எழுதுவது. உடம்பு சுகம். உன் கடிதம் எல்லாமே வந்தது. பதில் எழுதாதது கோபத்தினால் இல்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன்.

அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டாய். வாசித்திருப்பார்கள். என் ஓலையை வாசித்தது போல.

எனக்கு அப்போது பதினைந்து. ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு இளைப்பு, உன்னைப் பெற்ற பிறகு படுக்கையாகிவிட்டார்கள், பிழைக்க மாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். எஸ்டேட்டில் நிரந்தர வேலையில் இருக்கிற மாப்பிள்ளை, முப்பத்தொரு வயது. அம்மாதான் தவித்தார்கள். பிறகு அம்மா இருபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்லுகிறேன்.

நான் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஞாயிறு யாராவது எழும்புவார்கள் என்று பார்த்தேன். டீச்சர் எழும்புவார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் ஞாயிறும் பார்த்தேன். மூன்றாம் ஞாயிறு அப்பாவை மட்டும் பார்த்தேன். தடை உண்டா என்று கேட்டுவிட்டு அப்பா நின்றார்கள். நீ சொன்ன அந்த ஒரு மூச்சு இல்லை, அதைவிட அதிக நேரம். என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன் தம்பி. தொண்டையைச் செருமிவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார்கள்.

உன் மச்சான் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. அதனாலேயே நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்கவும் இல்லை. பதினாறு வயதில் வயிற்றில் இருந்த பிள்ளை வயிற்றிலேயே போனது. என்னை லாரியில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உடம்பு முற்றாத பிள்ளைக்கு ஏன் கல்யாணம் செய்தீர்கள் என்று டாக்டரம்மா எல்லாரையும் திட்டினார்கள். இனி தங்காது என்றார்கள். தங்கவில்லை. ஊரில் எனக்குப் பிள்ளை பாக்கியம் இல்லை என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். இதை அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா செத்த அன்றைக்கு எனக்கு அழுகை வராததற்கு, மலையிலிருந்து இறங்கிய களைப்பு என்று நீதான் எல்லாருக்கும் சமாதானம் சொன்னாய்.

நீ படியிறங்கி நின்றாய் என்று வாசித்தபோது அழுதேன். அந்த ஒன்பது பிள்ளைகளும் பயந்துபோய் என்னைச் சுற்றி நின்றுகொண்டன.

வீட்டை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நீ போன் போட வேண்டி வந்தால் கை நடுங்காமல் போடு. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அந்தத் தாயிடம் எடுத்துக்கொண்டு போ. வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

உன் அக்கா,
சாரம்மாள்.

*

சாலேம்விளை,
31 ஆகஸ்ட் 2025.

என் அக்காவுக்கு, என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷமாக நான் அப்பாவின் குரலைப் பற்றிப் பெருமை பேசியதை எல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. “நான் பேச வரல. எங்க அக்கா ஒங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிருக்காங்க. வாசிச்சிட்டுப் போயிருதேன்” என்று வெளியிலேயே நின்று சொன்னேன். ஜெரூஷா திறந்தாள். தங்கபுஷ்பம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வாசித்தேன். ஓலை வாசித்த அந்தக் குரலில் இல்லை. எனக்கு இரண்டு இடத்தில் குரல் போய்விட்டது, நின்று நின்று வாசித்தேன். டாக்டரம்மா திட்டிய இடத்தில் திரும்பிப் படுத்தாள்.

முடித்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். பிறகு, “ஒங்க அக்கா இப்ப தனியாவா இருக்காக?” என்று கேட்டாள்.

“ஆமா. மச்சான் போயி ஆறு வருஷமாச்சி.”

“நானும் அவுக அம்மா மாதிரிதான செய்யுதேன்” என்றாள். மகளைக் கூப்பிட்டு, “நீ பைய சொல்லு, அம்மா கோவப்பட மாட்டேன். ஒனக்கு என்ன வேணும்?” என்றாள்.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, “எனக்குப் பரீட்சை எழுதணும்மா. நான் போகலைம்மா” என்றது. அது வாய் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

தூத்துக்குடிக்குப் போக வேண்டாம் என்று உறவுக்காரர்களிடம் தங்கபுஷ்பமே சொல்லிவிட்டாள். டைட்டஸ் மும்பைக்குப் புறப்படுமுன் வீட்டுக்கு வந்தான். “வயசு எனக்கும் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணாச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார். நல்ல மனுஷர், அவமானம் ஆறக் கொஞ்ச நாள் ஆகும்.

பொய்ச் சான்று எழுதியதற்கு மூன்று மாதம் நான் ஆராதனை நடத்தக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. டிசம்பரில் வேறு ஊருக்கு மாற்றம். நியாயமான தண்டனைதான். கையெழுத்து என்னுடையதுதானே.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் எழும்பும்போது தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணத்த நிறுத்தியாச்சி. சரி. நான் போன பிறகு இவ யாரு வீட்டுல சாப்பிடுவா? யாரு கூட தூங்குவா? அதச் சொல்லாமப் போகாதீய” என்றாள். “எங்க வீட்டுல” என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், டிசம்பரில் எனக்கு இங்கே வீடு இல்லை, மார்ச்சில் அவளுக்கு இங்கே பரீட்சை. அவளுக்கும் அது தெரியும். கையை விட்டுவிட்டாள். தடை சொன்னவன் இதற்கும் வழி சொல்ல வேண்டுமே அக்கா. அதற்காக ஜெபியுங்கள்.

உங்கள் தம்பி,
பெர்லின்.

*

மேல் எஸ்டேட்,
6 செப்டம்பர் 2025.

பிரியமான தம்பிக்கு, அக்கா எழுதுவது. சுகம். மழை விட்டிருக்கிறது.

ஜெபிக்கச் சொல்லியிருந்தாய். ஒரு ராத்திரி ஜெபித்தேன், காலையில் போய் எஸ்டேட் ஆபீசில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர், இந்த வயதில் எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டார். என் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொன்னேன். அப்படி ஒரு சொல் என் வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் நம்பிவிட்டார்.

தங்கபுஷ்பத்திடம் போய்ச் சொல். நான் அவள் வீட்டிலேயே இருந்து, இருக்கிற நாள்வரை அவளையும் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னைப் போகச் சொல்லும்வரை இருப்பேன். தாய்க்கு இஷ்டமில்லை என்றால் தெருவில் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். எப்படியும் வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸுக்கு ஆழ்வார்திருநகரிக்கு யாரையாவது அனுப்பு. நீயே வந்தாலும் சரி, உனக்குத்தான் இப்போது பிரசங்கம் இல்லையே.

ஜெரூஷாவிடம் இதையும் சொல்லிவிடு. எனக்குச் சமையல் சுமார்தான், குழம்பில் உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். தூக்கத்தில் குறட்டை விடுவேன். கணக்குப் பாடமெல்லாம் என்னிடம் கேட்கக்கூடாது, நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காலையில் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரத்துக்கு அனுப்பிவிடுவேன். ஒரு நாளும் பிந்த விடமாட்டேன்.

அக்கா,
சாரம்மாள்.